காருக்குள் உறுமல்: இரைச்சல் நீக்கியைக் கழற்றி வைப்பதா, பழுது பார்ப்பதா?

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கும்போது, 1300க்கும் 2000க்கும் இடைப்பட்ட ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) காதை அடைப்பது போல ஓர் உறுமல். பாட்டை நிறுத்தினாலும் நிற்காது. சில வண்டிகளில் இன்ஜின் சுற்றோடு சேர்ந்து ஏறும். சிலவற்றில் எதற்கும் அசையாமல் ஒரே சுருதியில் ஊளையிடும். பட்டறையில் கேட்டால் பேரிங் என்பார்கள், டயர் என்பார்கள், சைலன்சர் என்பார்கள். மூன்றையும் மாற்றிய பிறகுதான், சத்தம் ஸ்பீக்கரிலிருந்தே வருகிறதோ என்று யாருக்காவது தோன்றும்.

இன்ஜின் உறுமலை ஸ்பீக்கர் வழியே எதிர்ச்சத்தம் விட்டு அடக்கும் ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) என்கிற இரைச்சல் நீக்கி உள்ள வண்டிகளில் அது நடக்கக்கூடியதுதான். அப்படி என்று உறுதியானால் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன: உள்கூரையில் இருக்கும் மைக்குகளைக் கழற்றிவிடலாம், ஃபியூஸையோ அதை இயக்கும் பெட்டியான யூனிட்டையோ பிடுங்கலாம், டீலரிடம் மென்பொருள் வழியாக நிறுத்தச் சொல்லலாம், கெட்ட மைக், வயர், ஸ்பீக்கர் எதுவோ அதைக் கண்டுபிடித்து மாற்றலாம், யூனிட்டையே புதிதாகப் போடலாம். இவற்றில் எதைத் தேர்வது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பானெட்டுக்குக் கீழே இருக்கும் இன்ஜின். சாதாரண நான்கு சிலிண்டர் வண்டியில் ஏஎன்சி இல்லாமல் வாழ்ந்துவிடலாம். ஓட்டத்தின் நடுவே சில சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் வி6, வி8 வண்டியில் அது இல்லாவிட்டால், இன்று ஸ்பீக்கர் போடும் சத்தத்தின் இடத்தை நாளை இன்ஜின் போடும் சத்தம் பிடித்துக்கொள்ளும்.

ஏன் இப்படி ஒரு கருவி?

சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் என்ற யோசனை பழையது. ஜெர்மானியர் பால் லூயெக் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1936இல். காரில் அது வர 1992 வரை ஆனது. நிசான் புளூபேர்டு ஜப்பானில் அதோடு வந்தது. பரவலானதற்குக் காரணம் எரிபொருள் சிக்கனம். 2003இல் ஹோண்டா இன்ஸ்பயரில் வி6 இன்ஜினின் பாதி சிலிண்டர்களை அணைக்கும் வசதி வந்தபோது, மூன்று சிலிண்டரில் ஓடும் இன்ஜினின் அதிர்வை அடக்க ஆக்டிவ் மவுன்ட்டும் (இன்ஜினைத் தாங்கி, அதிர்வுக்கு எதிராக அசையும் பிடி), சத்தத்தை அடக்க ஏஎன்சியும் சேர்ந்தே வந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பம் குடும்பமாக ஓட்டப்படும் ஒடிசி வேனின் 2005 மாடலிலும் மேல்வகை டிரிம்களில் இதே ஏற்பாடுதான். 2010இல் செவ்ரோலெ ஈக்வினாக்ஸின் 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் வண்டியில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) வைத்ததன் காரணமும் அதுவே: இன்ஜினைக் குறைந்த சுற்றில் ஓடவிட்டு மைலேஜ் கூட்ட வேண்டும், ஆனால் அந்தச் சுற்றில் கேபின் உறுமும்.

வேலை செய்யும் விதம் இது. இன்ஜின் சுற்று எவ்வளவு என்பது வயரிங் வழியே யூனிட்டுக்குத் தெரியும். அதிலிருந்து எந்த அதிர்வெண்ணில் உறுமல் வரும் என்று கணக்கிட்டு, அதே அதிர்வெண்ணில் தலைகீழான அலையை ஆடியோ ஸ்பீக்கர்கள், சப்வூஃபர் வழியே விடும். உள்கூரையில் இருக்கும் மைக்குகள் மிச்சம் எவ்வளவு என்று கேட்டுச் சொல்ல, யூனிட் தன் அலையைத் திருத்திக்கொண்டே இருக்கும். ரேடியோ அணைந்திருந்தாலும் இது ஓடும். பாட்டின் ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்துச் சோதித்துவிட்டு ஸ்பீக்கர் காரணமல்ல என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறாகிறது.

தலைகீழ் அலை சரியான கட்டத்தில் (phase), அதாவது ஏற்றத்துக்கு இறக்கமாகப் பொருந்தும்படி, வந்து சேர வேண்டும். ஊஞ்சலை நிறுத்த அது வரும்போது கை கொடுக்க வேண்டும். போகும்போது கொடுத்தால் இன்னும் உயரப் போகும். எண்ணில் சொன்னால், கட்டப் பிழை 10 பாகை இருந்தால் சுமார் 15 டெசிபல் குறையும். 20 பாகையில் 9 டெசிபல். 60 பாகையில் குறைவதே இல்லை. அதற்கு மேல் போனால் சத்தம் கூடும். 180 பாகையில் 6 டெசிபல் அதிகமாகிவிடும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. யூனிட்டிடம் ஸ்பீக்கரிலிருந்து மைக் வரையுள்ள பாதையின் வரைபடம் ஒன்று ஆலையிலேயே பதித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. உண்மையான பாதை அதிலிருந்து 90 பாகைக்கு மேல் விலகினால், யூனிட் திருத்தத் திருத்தத் தப்பான பக்கமே போகும். ஆம்பின் (ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபையர்) எல்லையை முட்டும் வரை சத்தம் ஏறும். காதடைப்பு, தலைச்சுற்றல், கதவு அட்டை கடகடப்பது எல்லாம் இந்த நிலையில்தான். இப்படி ஒரு வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். குறைந்தபட்சம் மைக்கையாவது கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

முதலில்: இது ஏஎன்சிதானா?

பாகம் வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் இதற்குச் செலவிடலாம். தேவைப்படுபவை ஒரு கைபேசி, ஓட்டுவதற்கு இன்னோர் ஆள், வெறிச்சோடிய நேர்ச்சாலை.

மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது கியரை நியூட்ரலுக்கு மாற்றுங்கள், இன்ஜினை அணைக்காமல். சுற்று ஐடிலுக்கு இறங்கும். வண்டி வேகம் அப்படியே இருக்கும். சத்தம் போய்விட்டால் இன்ஜின் பக்கம் அல்லது ஏஎன்சி. போகவில்லை என்றால், ஒரே சுருதியில் நிற்கும் ஊளையைத் தவிர, டயர், பேரிங், காற்று. இந்த ஒரு சோதனையே பாதிப் பேரை வேறு திசைக்கு அனுப்பிவிடும்.

அடுத்தது அதிர்வெண். கைபேசியில் ஒலி அலைமாலை (spectrum) காட்டும் செயலி ஒன்றை இறக்கி, முன்சீட்டின் தலைசாய்ப்பு உயரத்தில் பிடியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 16384 புள்ளி (FFT அளவு) என்று அமைத்தால் சுமார் 3 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். கைபேசி மைக்குகள் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் குணம் உள்ளவை. ஆகவே அளவை நம்பாதீர்கள், சிகரம் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு ஆர்பிஎம்மை 30ஆல் வகுத்தால் வருவது அதன் முக்கிய உறுமல்: 1500இல் 50 ஹெர்ட்ஸ், 2000இல் 67. வி6க்கு 20ஆல் வகுக்க வேண்டும், 1500இல் 75. அதே வி6 மூன்று சிலிண்டரில் ஓடும்போது 40ஆல் வகுக்க வேண்டும், 37.5. வி8க்கு 15, நான்கில் ஓடினால் 30.

சிகரம் இந்தக் கணக்கோடு ஒட்டிச் சுற்றோடு ஏறி இறங்கினால் இரண்டு சாத்தியம்: இன்ஜினே உறுமுகிறது, அல்லது ஏஎன்சி தப்பான கட்டத்தில் அதோடு சேர்ந்து உறுமுகிறது. சுற்று மாறினாலும் சிகரம் நகராமல் ஒரே எண்ணில் நின்றால், ஸ்பீக்கரும் மைக்கும் தங்களுக்குள் சுற்றிக்கொண்டு ஊளையிடுகின்றன என்று பொருள். ஏஎன்சி மேல் சந்தேகம் மிக வலுவாகும். 200 ஹெர்ட்ஸை ஒட்டி, சாலை மாறும்போது மாறும் ஒரு ‘கூ’ ஒலி டயருக்குள் அடைபட்ட காற்றின் ஒலி. அதற்கும் இன்ஜின் ஏஎன்சிக்கும் தொடர்பில்லை.

கண்ணாடியை இறக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்யும் சோதனை. அதைத் தனியாக நம்ப முடியாது. பல அமைப்புகளில் கதவோ கண்ணாடியோ சன்ரூஃபோ திறந்தால் ஏஎன்சி தானாக ஒதுங்கிவிடும். ஆனால் ஏஎன்சியே இல்லாத வண்டியிலும் கண்ணாடியை இறக்கினால் கேபின் உறுமல் குறையத்தான் செய்யும். அதேபோல மைக்கின் மேல் டேப் ஒட்டிப் பார்ப்பதும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். ஒரு துண்டு டேப் அதை மறைத்துவிடாது.

உறுதியான சோதனை மைக்குகளைக் கழற்றுவதுதான். அதை முதல் வழியிலேயே பார்ப்போம். அதற்கு முன் இரண்டு ஆள்மாறாட்டங்களை நீக்கிவிட வேண்டும். சில வண்டிகள் வேண்டுமென்றே ஸ்பீக்கர் வழியாக இன்ஜின் சத்தத்தைக் கூட்டுகின்றன. 2015 ஃபோர்டு மஸ்டாங் ஈகோபூஸ்ட், 2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 இரண்டும் தெரிந்த உதாரணங்கள். ஸ்போர்ட் மோடில் மட்டும் உறுமினால் முதலில் மெனுவைப் பாருங்கள். மின்சார, ஹைபிரிட் வண்டிகள் மெதுவாகப் போகும்போது வெளியே நடப்பவர்களுக்காக எழுப்பும் ஒலி உள்ளேயும் கேட்கும். அமெரிக்க விதிப்படி அது மணிக்கு 30 கிலோமீட்டர் வரை, ஐரோப்பாவில் 20 வரை. ரிவர்ஸில் ரீங்காரம் என்று வரும் புகார்களில் பல இதுதான்.

ஸ்டீயரிங்கும் சீட்டும் சேர்ந்து நடுங்கினால் மவுன்ட்டைப் பாருங்கள். ஏஎன்சி காதைத் தொந்தரவு செய்யும், முதுகைச் செய்யாது. திரவம் கசிந்த ஆக்டிவ் மவுன்ட் உள்ள வி6 வேன்களில் ஏஎன்சி தன் எல்லை வரை உழைத்தும் தோற்றுப்போய்ப் பழியை வாங்கிக்கொள்ளும். அங்கே ஏஎன்சியை நிறுத்தினால் நிலைமை மோசமாகும். அதுவே ஒரு தடயமும் கூட.

வழி ஒன்று: மைக்குகளைக் கழற்றுவது

செலவு இல்லை, திரும்பப் பொருத்திவிடலாம், சோதனையும் தீர்வும் ஒன்றே. உள்கூரையில் சிறு துளைகள் கொண்ட நெகிழிக் கிரில்லுக்குப் பின்னாலோ விளக்குத் தொகுதிக்குள்ளோ மைக்குகள் இருக்கும். வண்டியைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு, சிலவற்றில் அதற்கும் மேல். பிளாஸ்டிக் நெம்பியால் விளக்கையோ கிரில்லையோ மட்டும் எடுத்து இணைப்பியைக் கழற்றுங்கள். உள்கூரையின் ஓரத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது; ஓரங்களில் பக்கவாட்டு ஏர்பேக் சுருண்டு கிடக்கிறது.

ஒரு மைக்கைக் கழற்றி, முன்பு சத்தம் கேட்ட அதே சுற்றில் ஓட்டிப் பாருங்கள். பிறகு அதைப் பொருத்தி அடுத்ததைக் கழற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட மைக் இல்லாதபோது மட்டும் சத்தம் அடங்கினால், குறை அந்த மைக்கிலோ அதன் வயரிலோதான் இருக்க வாய்ப்பு அதிகம். எதைக் கழற்றினாலும் அடங்கினால், பெரும்பாலும் ஒன்று துண்டித்ததும் யூனிட் பிழையைக் கண்டு மொத்தமாக ஒதுங்குகிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் கழற்றியும் சத்தம் அப்படியே இருந்தால் ஏஎன்சி நிரபராதி. மெக்கானிக்கிடம் திரும்பிப் போகலாம்.

கைகளை விட்டுப் பேசும் தொலைபேசி மைக் பெரும்பாலும் முன்புற மேல்கன்சோலில் தனியாக இருக்கும். தவறிப் போய் அதைக் கழற்றிவிடவில்லை என்பதை ஒரு அழைப்பு போட்டு உறுதிசெய்யுங்கள். குறைகள் என்றால், பிழைக் குறியீடு பதிவாகலாம். பின்னால் வேறு ஏதாவது ஆடியோ கோளாறு வந்தால் டீலர் முதலில் இதைத்தான் சுட்டிக்காட்டுவார்.

வழி இரண்டு: ஃபியூஸ், யூனிட்

இணையத்தில் அதிகம் சொல்லப்படும் வழி. நமக்கு அவ்வளவாகப் பிடிக்காத வழி. ஏஎன்சி தனிப் பெட்டியாக இருக்கும் வண்டியில் அதன் இணைப்பியைப் பிடுங்கினால் பாட்டு தொடரும், ஏஎன்சி மட்டும் நிற்கும். நல்லது. ஆனால் ஆம்புக்குள்ளேயே ஏஎன்சி குடியிருக்கும் வண்டியில் பிடுங்கினால் பாட்டும் போகும், பார்க்கிங் சென்சாரின் ‘பீப்’பும் போகும், இண்டிகேட்டர் ஒலி ஸ்பீக்கர் வழியே வரும் வண்டியில் அதுவும் போகும். ஃபியூஸ் பெட்டியில் ஒரே ஃபியூஸைப் பல சுற்றுகள் பகிர்ந்துகொள்வது சகஜம். வயரிங் வரைபடம் கையில் இல்லாமல் இதில் இறங்குவதைவிட மைக்கைக் கழற்றுவது எல்லா வகையிலும் மேல். யூனிட் டேஷ்போர்டின் பின்னால் கைக்கெட்டாத இடத்தில் இருந்தால் இந்த வழியை மறந்துவிடலாம்.

வழி மூன்று: டீலரிடம் நிறுத்தச் சொல்வது

ஜிஎம் வண்டிகளின் உரிமையாளர் கையேட்டிலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஏஎன்சி சரியாக வேலை செய்ய ஆலையில் பொருத்திய ரேடியோ, ஸ்பீக்கர், ஆம்ப் மட்டுமல்ல, காற்று உள்ளிழுக்கும் பாகமும் சைலன்சரும்கூட அசலாக இருக்க வேண்டும். வெளியில் வாங்கியதைப் பொருத்தினால் டீலரிடம் சொல்லி ஏஎன்சியை நிறுத்திவிட வேண்டும் என்கிறது. சைலன்சர் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். ஓசைக்காக வேறு சைலன்சர் மாட்டிவிட்டு, பிறகு கேபினில் உறுமல் என்று ஸ்பீக்கரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இந்த வழியின் நன்மை, பிழைக் குறியீடு வராது, உள்கூரையில் கை வைக்க வேண்டாம், பதிவேட்டில் முறையாக இருக்கும். தீமை, ஒரு மணி நேரக் கூலியாவது ஆகும். எல்லா நிறுவனமும் இதைச் செய்து தருவதில்லை. வெளியில் வாங்கிய ஆடியோ மாட்டியவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. வாரண்டி பயம் காட்டினால் தெரிந்துகொள்ள வேண்டியது: அமெரிக்காவில் 1975இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வேறு பாகம் பொருத்தியதற்காக மட்டும் மொத்த வாரண்டியையும் ரத்துசெய்ய முடியாது. அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் மறுக்கலாம்.

வழி நான்கு: கெட்டதைக் கண்டுபிடித்து மாற்றுவது

பொறுமை வேண்டும், ஆனால் வி6, வி8 வண்டிக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். யூனிட் கெடுவது குறைவு; அதைச் சுற்றியிருப்பவைதான் கெடுகின்றன.

மைக்கில் ஆரம்பியுங்கள். சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் வடிகுழாய் அடைத்து, தண்ணீர் உள்கூரைக்குள் இறங்கி, மைக் இணைப்பியில் பச்சை படிவது அடிக்கடி நடப்பது. உள்கூரைத் துணியில் மஞ்சள் கறை இருக்கிறதா என்று பாருங்கள். உள்கூரையை நுரை போட்டுக் கழுவியது, டேஷ்கேம் வயரை உள்கூரைக்குள் திணித்தது, முன்கண்ணாடி மாற்றும்போது உள்கூரையைத் தொங்கவிட்டது எல்லாமே மைக்கை இடம் பெயர்த்துவிடும். இடம் பெயர்ந்த மைக் உள்கூரைக்கும் தகரத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டு, கேபினைக் கேட்காமல் கூரையின் அதிர்வைக் கேட்கும்.

இக்னிஷனை ஆன் செய்து இன்ஜினை ஓடவிடாமல் மைக் இணைப்பியின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் வைத்தால், மைக்குக்குப் போகும் சில வோல்ட் நேர்மின் தெரிய வேண்டும். சரியான அளவு அந்த வண்டியின் வரைபடத்தில் இருக்கும். ஒரு மைக்கில் மட்டும் அது இல்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. இருந்தும் அந்த மைக்தான் குற்றவாளி என்றால், ஒரே வகை இணைப்பியாக இருக்கும் பட்சத்தில் முன்னதையும் பின்னதையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு மைக்கோடு நகர்ந்தால் மைக், இடத்திலேயே நின்றால் வயர்.

அடுத்தது ஸ்பீக்கர். கதவில் ஸ்பீக்கரை மாற்றியவுடன் உறுமல் தொடங்கியிருந்தால், கூட்டல் கழித்தல் முனைகள் மாறியிருப்பதே முதல் சந்தேகம். பாட்டு கேட்கும்போது லேசாகத் தாழ்ஸ்வரம் குறைந்ததாக மட்டும் தெரியும். ஏஎன்சிக்கோ அது முழு 180 பாகைப் பிழை. சோதிக்க, ஸ்பீக்கரை வயரிங்கிலிருந்து முற்றிலும் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் கூட்டல் முனையை ஸ்பீக்கரின் கூட்டல் முனையிலும், கழித்தலைக் கழித்தலிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளிநோக்கித் துள்ள வேண்டும். ஆம்போடு இணைந்திருக்கும்போது இதைச் செய்தால் ஆம்ப் கெட்டுப்போகலாம். அதேபோல, ஸ்பீக்கரின் கழித்தல் வயரை வண்டியின் உடலோடு சேர்த்துவிடவும் கூடாது. ஆலை ஆம்புகளில் இரண்டு வயரிலும் மின்சாரம் ஓடுகிறது.

கழற்றிய கையோடு மின்தடையையும் அளந்துவிடலாம். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.7 வரை காட்டும், 2 ஓம் என்றால் 1.6 முதல் 1.9. வண்டி 2 ஓமுக்குக் கட்டப்பட்டிருக்க, கடையில் கிடைத்த 4 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் எதிர்ச்சத்தத்தின் அளவு குறையும், கட்டமும் நகரலாம். அசல் பாகம் விலை அதிகம்தான். இந்த இடத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது.

கதவு அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் திரையை யாரும் மதிப்பதில்லை. கண்ணாடி ஏற்றும் மோட்டாரை மாற்றிய பட்டறை அதைக் கிழித்துவிட்டு அப்படியே அட்டையை மூடியிருக்கும். திரை இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்து தாழ்ஸ்வரம் பலவீனமாகும், ஏஎன்சி அதை ஈடுகட்ட அதிகமாக உந்தும், கதவு கடகடக்கும். பியூட்டைல் நாடா வைத்துத் திரும்ப ஒட்டுவது ஒரு மணி நேர வேலை.

வழி ஐந்து: யூனிட்டை மாற்றுவது

கடைசியில்தான். மைக்குகளில் மின்னழுத்தம் சரி, வயர் சரி, ஸ்பீக்கர் சரி, ஆடியோ அசல், அப்படியும் உறுமல் என்றால் மட்டுமே. ஒலிப்பாதையின் வரைபடம் அந்த உடலுக்கும் இன்ஜினுக்கும் ஆடியோ வகைக்கும் ஏற்ப எழுதப்பட்டது. உடைப்புக் கடையில் வாங்கினால் பாக எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடல், ஒரே ஆண்டு என்பது போதாது. சன்ரூஃப் உள்ளது, இல்லாதது, உயர்ரக ஆடியோ என்று பிரிவு இருக்கும். புதிய ஆம்பை வண்டி எண்ணோடு மென்பொருளில் பொருத்தித் தர வேண்டிய வண்டிகளும் உண்டு. ஜிஎம் அதில் ஒன்று. பொருத்தாத ஆம்ப் வாய் திறக்காது.

சப்வூஃபர் மாட்டியவர்களுக்குத் தனியாக

இந்தக் கோளாறுகளில் மிகவும் முரட்டுத்தனமானது இதுதான். ஆலை ஸ்பீக்கர் வயரிலிருந்து சமிக்ஞையைக் கிளை எடுத்துப் பெரிய ஆம்புக்கும் சப்வூஃபருக்கும் கொடுக்கும்போது, அந்த வயரில் பாட்டோடு எதிர்ச்சத்தமும் ஓடுகிறது. சப்வூஃபர் அதையும் பல மடங்கு பெருக்கிக் கேபினில் கொட்டும். மைக் அதைக் கேட்கும், யூனிட் இன்னும் வேகமாகத் திருத்தும். இரண்டு நொடியில் வண்டி முழுக்க அதிரும்.

கட்டத்தைத் திருப்பிப் போட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வதுண்டு. டிஜிட்டல் செயலி உள்ள ஆம்பில் 5 மில்லிநொடித் தாமதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுழற்சி 16.7 மில்லிநொடி, அந்தத் தாமதம் 108 பாகை. 90ஐத் தாண்டிவிட்டது. 30 ஹெர்ட்ஸில் அதே தாமதம் 54 பாகைதான். அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் பிழையை ஒரு சுவிட்சால் சரிசெய்ய முடியாது. ஒரு சுற்றில் அடங்கும், இன்னொரு சுற்றில் வெடிக்கும்.

இதற்குத் தீர்வுகள் இரண்டே. ஏஎன்சி கலப்பதற்கு முன்னால், ரேடியோவின் நேரடி வெளியீட்டிலிருந்து சமிக்ஞை எடுக்க முடிந்தால் எதிர்ச்சத்தம் சப்வூஃபருக்குப் போகாது. அசல் ஸ்பீக்கர்கள் தொடப்படாமல் இருந்தால் ஏஎன்சி ஓரளவு பிழைத்துக்கொள்ளும், ஆனாலும் உரத்த தாழ்ஸ்வரம் மைக்கைக் குழப்பவே செய்யும். முடியாவிட்டால் ஏஎன்சியை முழுக்க நிறுத்திவிடுங்கள். ஆடியோக் கடையில் காசு கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த வண்டியில் ஏஎன்சி உண்டா, அதை எங்கே துண்டிப்பீர்கள்? தெரியாது என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

நிறுத்திவிட்டால் என்ன இழப்பு?

நான்கு சிலிண்டர் வண்டியில் நெடுஞ்சாலையில் 2500 ஆர்பிஎம்முக்கு மேல் வித்தியாசம் தெரிவது கடினம். டயர் சத்தமும் காற்றும் மூடிவிடும். மேட்டில் குறைந்த சுற்றில் இழுக்கும்போதுதான் லேசான உறுமல் வரும். சிலிண்டர் அணைக்கும் வி6இல் கதை வேறு. மணிக்கு 60 முதல் 100 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது மூன்று சிலிண்டரில் 35–50 ஹெர்ட்ஸ் அளவில் வரும் அந்த உறுமல், பின்சீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் உறைக்கும். ஓட்டுபவர் பரவாயில்லை என்று சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நிறுத்திவிட்டுக் கதவிலும் தரையிலும் பியூட்டைல் விரிப்பு ஒட்டிச் சமாளிக்கலாம் என்பது பலருடைய கணக்கு. விரிப்பு தகரத்தின் கடகடப்பை அடக்கும், டயர் இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கும். 40 ஹெர்ட்ஸை அடக்க அது போதாது. போதுமானதாக இருந்திருந்தால் கம்பெனியே அதை ஒட்டியிருக்கும். எடையைக் கூட்டாமல் இருக்கத்தான் இந்த வம்பே.

சாலை இரைச்சலை நீக்கும் புதிய அமைப்புகளுக்கு மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தாது. ஹியூண்டாய் 2019 நவம்பரில் அறிவித்து ஜெனிசிஸ் ஜிவி80இல் கொண்டுவந்த அமைப்பு, சஸ்பென்ஷன் பக்கம் அதிர்வை அளக்கும் முடுக்கமானிகளை வைத்து, 0.002 நொடியில் கணக்கிட்டு 3 டெசிபல் அளவுக்குக் குறைப்பதாக நிறுவனம் சொன்னது. அங்கே இன்ஜின் சுற்று முக்கியமல்ல. நியூட்ரல் சோதனை தவறான விடையையே தரும். வண்டிக்கு அடியில் இருக்கும் சென்சார்களுக்குச் சேறும் தண்ணீரும் கல்லும் எதிரி. சஸ்பென்ஷன் வேலை முடிந்த மறுநாள் புதிய உறுமல் தொடங்கினால், இணைப்பி திரும்பச் சரியாக மாட்டப்பட்டதா என்று பாருங்கள். அதற்கு மேல் ஸ்கேனர் இல்லாமல் போக முடியாது; டீலர்தான்.

எந்த வழியில் போனாலும், வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே சாலையில், ஏசி ப்ளோயரை அணைத்து, கண்ணாடி ஏற்றி, மூன்று குறிப்பிட்ட சுற்றுகளில், முன்சீட்டிலும் பின்சீட்டிலும் கைபேசியில் பதிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள். டீலரிடம் ‘சத்தம் வருகிறது’ என்று எழுதினால் ‘சத்தம் இல்லை, வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று திரும்பி வரும். ‘1500 ஆர்பிஎம்மில் 50 ஹெர்ட்ஸ், பின் மைக்கைக் கழற்றினால் மறைகிறது’ என்று எழுதினால் அந்தத் தாளை மேசையில் யாராவது இரண்டாவது முறை படிப்பார்கள்.